மிரண்ட குதிரைக்கு மூன்று அடி

தடை தாண்டும் போட்டிகளில் சவுக்கை எத்தனை முறை வீசலாம் என்பதற்கு விதி இருக்கிறது. குதிரை ஏன் நின்றது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நவீன பென்டத்லான். நீச்சலும் வாள்வீச்சும் முடிந்தபோது ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். தங்கம் எட்டும் தூரத்தில். அடுத்தது குதிரையேற்றம். இந்தப் போட்டியில் யாரும் சொந்தக் குதிரையில் ஏறுவதில்லை. குலுக்கலில் எந்தக் குதிரை விழுகிறதோ அதனுடன் 20 நிமிடம் பழகிக்கொண்டு தடைகளைத் தாண்டியாக வேண்டும். ஷ்லாய்க்கு விழுந்தது செயின்ட் பாய். அதே நாளில் ரஷ்ய வீராங்கனை ஒருவரைச் சுமந்து ஓடி, தடைகள் முன்னால் நின்று நின்று அடம்பிடித்திருந்த குதிரை அது.

ஷ்லாயோடு களத்துக்கு வந்தபோதே செயின்ட் பாய் நிலைகொள்ளவில்லை. முன்னால் போகச் சொன்னால் பின்னால் நகர்ந்தது. சேணத்தில் உட்கார்ந்திருந்தவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே சவுக்கை வீசினார். நன்றாகப் போடு என்று பயிற்சியாளர் கிம் ரைஸ்னர் கத்தியதைத் தொலைக்காட்சியின் மைக் பிடித்துக்கொண்டது. வேலிக்கு மேலே கையை நீட்டி அவர் குதிரையின் பின்புறத்தில் ஒரு குத்து விட்டதைக் கேமரா பிடித்துக்கொண்டது. ஓரிரு தடைகள் தாண்டின, சில சரிந்தன, கடைசியில் குதிரை நின்றே விட்டது. ஷ்லாய் 31-வது இடத்துக்கு இறங்கினார். மறுநாள் ரைஸ்னருக்குக் கறுப்பு அட்டை. எஞ்சிய ஒலிம்பிக் போட்டிகளிலிருந்து அவர் நீக்கப்பட்டார். தான் குதிரையைக் கொடுமைப்படுத்தவில்லை என்பதே ஷ்லாயின் நிலை. விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. விவகாரமே அங்கேதான் இருக்கிறது.

பென்டத்லான் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அறிமுகமான போட்டி. எதிரியின் எல்லைக்குள் மாட்டிக்கொண்ட குதிரைப்படை அதிகாரி கையில் கிடைத்த குதிரையில் ஏறித் தப்பி வருவதுதான் அதன் கற்பனை. பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பெயர் வாங்கிய அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் அந்த முதல் போட்டியில் ஐந்தாவதாக வந்தவர். நூற்றாண்டுக்கும் மேல் நீடித்த அந்தக் கற்பனையை டோக்கியோவின் சில நிமிடங்கள் முடித்துவைத்தன. குதிரையேற்றத்துக்குப் பதில் வேறு போட்டியைக் கொண்டுவருவதென்று சர்வதேச பென்டத்லான் சங்கம் 2021 நவம்பரில் அறிவித்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்தான் பென்டத்லானில் குதிரை ஓடிய கடைசி ஒலிம்பிக். 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடம் மனிதர்கள் தடை தாண்டி ஓடும் போட்டிக்கு.

பென்டத்லான் குதிரையை விட்டுவிட்டது. தடை தாண்டும் விளையாட்டு விடவில்லை, விடவும் முடியாது. குதிரை இல்லாமல் அந்த விளையாட்டே இல்லை. ஒலிம்பிக் மேடைக்கு வெகு கீழே, சிறுவர் சிறுமியர் மட்டக்குதிரைகளில் ஏறித் தடை தாண்டும் போட்டிகள் ஐரோப்பா முழுவதும் வார இறுதிகளில் நடக்கின்றன. பிரிட்டனில் 1929-ல் தொடங்கிய போனி கிளப் பல தலைமுறைக் குழந்தைகளைச் சேணத்தில் ஏற்றியிருக்கிறது. லாடம் இல்லாமல் அளந்தால் தோள் உயரம் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாதது மட்டக்குதிரை. சர்வதேசப் போட்டிகளில் அதன் மேல் ஏறுகிறவர்களுக்கு வயது 12 முதல் 16 வரை. செயின்ட் பாய்க்கு நேர்ந்தது உலகம் பார்க்க நேர்ந்தது. சுபாவத்திலேயே பயந்த ஒரு மட்டக்குதிரை கிராமத்து மைதானத்தில் நின்றுவிட்டால், அதன் மேல் விழும் அடியை இருபது முப்பது பேர் பார்க்கக்கூடும். அவர்களில் சிலர் அதற்குக் கைதட்டவும் கூடும்.

குதிரை எதைப் பார்க்கிறது?

புல்வெளியில் மேய்ந்து, ஓடித் தப்பித்து உயிர்வாழ்ந்த பிராணி குதிரை. கொம்பு இல்லை, கோரைப்பல்லால் கிழிக்கும் வித்தையும் இல்லை. அதன் ஆயுதம் ஓட்டம். முதலில் ஓடு, பிறகு யோசி என்பதுதான் அதன் உடம்பில் எழுதியிருக்கும் பாடம். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கிறது. மேலே இருப்பவர் கையை ஓங்கினால் அதுவும் அதன் பார்வைக்குள் வந்துவிடுகிறது. அடி விழுவதற்கு முன்பே அடி தெரிந்துவிடுகிறது.

ஆனால் இந்த அகலப் பார்வைக்கு ஒரு விலை உண்டு. வாலுக்குப் பின்னால் ஒரு துண்டும், நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்கு அடியில் ஒரு துண்டும் குதிரைக்குத் தெரியாது. தடையை நெருங்க நெருங்க, அந்தத் தடையே பார்வையிலிருந்து நழுவத் தொடங்குகிறது. தூரத்தைக் கணிக்கக் குதிரை தலையை உயர்த்த வேண்டும், தாழ்த்த வேண்டும். பதற்றத்தில் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கிற சிறுவன் அந்தத் தலையை அசையவிடாமல் கட்டிப்போடுகிறான். மட்டக்குதிரை அரைக்குருடாகத் தாண்ட வேண்டியிருக்கிறது.

நிறம் இன்னொரு சிக்கல். குதிரைக்கு நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பந்தயத் திடலிலேயே சோதித்துப் பார்த்தது. தாண்டு பந்தயங்களில் தடைகளுக்குக் காலங்காலமாக ஆரஞ்சு வண்ணம் பூசி வந்தார்கள். மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அந்த ஆரஞ்சு, குதிரையின் கண்ணில் பச்சைப் புல்லோடு கலந்துபோகிறது. வெள்ளை, மஞ்சள், நீலம் மேல் என்றது ஆய்வு. அதன் பிறகு அங்கே பந்தயத் தடைகள் வெள்ளைக்கு மாறின. அதுவரை தடுமாறிய குதிரைகளில் எத்தனை பிடிவாதக் குதிரை என்று பெயர் வாங்கினவோ!

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மட்டக்குதிரைக்கு மைதான ஓரத்தில் படபடக்கும் கொடி பேய். தடைக்கு அடியில் வைத்த நீர்த்தொட்டியின் மினுக்கம் பேய். ஒலிபெருக்கியின் கரகரப்பும் பேய்தான். இவை தவிர வெளியில் தெரியாத காரணங்கள் வேறு. பொருந்தாத சேணம் முதுகை அழுத்தியிருக்கும். பல் வலித்திருக்கும். குளம்பில் நோவு இருக்கும். சவாரியின்போது குதிரை காட்டும் நடவடிக்கைகளிலிருந்தே அதன் வலியை அறிய முடியுமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசனும் குழுவினரும் 2018-ல் 24 அடையாளங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். காதைப் பின்னால் மடிப்பது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, முன்னால் போக மறுப்பது எல்லாம் அதில் உண்டு. இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் குதிரைக்கு எங்கேயோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது அந்தப் பட்டியல். லாயத்தில் இதே அடையாளங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் திமிர்.

அடி என்ன கற்றுத்தருகிறது?

அடியாத மாடு படியாது; அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். அடிக்கு ஆதரவாகத் தமிழில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. எல்லா ஊர்களிலும் இப்படித்தான். அடியால் ஒன்றும் நடக்காது என்று சொல்வதும் பொய். அடித்தால் குதிரை நகரும். கேள்வி, அது எதைக் கற்றுக்கொண்டு நகர்கிறது என்பதுதான்.

குதிரைப் பயிற்சியின் அரிச்சுவடி அழுத்தமும் விடுவிப்பும். கால்களால் விலாவை மெல்ல அழுத்தினால் குதிரை முன்னால் போகும். போன கணமே அழுத்தம் நின்றுவிட வேண்டும். எந்தச் செயலுக்குப் பின் அழுத்தம் விலகியதோ அந்தச் செயலைக் குதிரை மனத்தில் வைத்துக்கொள்ளும். இதில் உயிர்நாடி நேரம். ஒரு நொடி பிந்தினால் பாடம் மாறிவிடும். தடை முன்னால் குதிரை நிற்கிறது. சவாரி செய்பவர் தடுமாறி, சமாளித்து உட்கார்ந்து, கடிவாளத்தை ஒரு கைக்கு மாற்றி, சவுக்கை ஓங்குவதற்குள் பல நொடிகள் ஓடிவிடுகின்றன. தாண்டாததற்காக அடி வாங்குகிறோம் என்று குதிரை முடிச்சுப் போடுவதற்கு வழியே இல்லை. அந்தக் கணத்தில் அதன் கண்முன்னால் இருப்பது தடை. உடம்பில் இருப்பது வலி. தடைக்குப் பக்கத்தில் போனால் வலிக்கும் என்பதுதான் அதற்கு எட்டும் பாடம். ஏற்கெனவே பயந்திருந்த மட்டக்குதிரைக்கு, நீ பயந்தது நியாயம்தான் என்று சவுக்கு சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். சாக்ரடீசின் சீடர், போர் கண்ட குதிரைப்படை வீரர். கோபத்தோடு குதிரையை நெருங்கவே கூடாது என்பது அவர் வைக்கும் முதல் நிபந்தனை. குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரண்டால், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அருகே அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். அடித்து நெருங்கவைத்தால் அந்த வலிக்கும் அந்தப் பொருளே காரணம் என்று நினைத்து இன்னும் மிரளும் என்கிறார். இன்றைய விலங்கு நடத்தையியல் பாடப்புத்தகமும் சொற்களை மாற்றிப்போட்டு இதையேதான் சொல்கிறது. இடையில் சுமார் 2,400 ஆண்டுகள் போயிருக்கின்றன.

குதிரைத் தோல் தடிமன், நமக்கு வலிப்பதுபோல் அதற்கு வலிக்காது என்ற வாதமும் உண்டு. உட்கார்ந்த ஈ ஒன்றை விரட்ட அந்த இடத்துத் தோலை மட்டும் குதிரை சிலிர்த்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்கிரீவி உள்ளிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020-ல் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். வலியை உணரும் நரம்பு நுனிகள் இருக்கும் மேல்தோலில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2011-ல் மெக்கிரீவியும் டேவிட் எவன்சும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு பந்தயக் குதிரைகளைப் பற்றியது. களைத்துப்போன கடைசி 400 மீட்டரில்தான் ஜாக்கிகள் சவுக்கை அதிகம் வீசினார்கள். அதனால் குதிரைகளின் வேகம் கூடியதாகத் தெரியவில்லை.

மூன்று என்ற எண்

விளையாட்டு நிர்வாகிகளுக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடை தாண்டும் விதிகள் சவுக்கைப் பற்றி விரிவாகவே பேசுகின்றன. நீளம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தலையில் அடிக்கக் கூடாது. ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள அடிக்கக் கூடாது. போட்டியிலிருந்து நீக்கப்பட்ட பிறகோ கடைசித் தடையைத் தாண்டிய பிறகோ அடிக்கக் கூடாது. தோல் கிழிந்தால் அது எப்போதும் வரம்பு மீறலே. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் அடிக்கக் கூடாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த மூன்று என்ற எண் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கு மேல் கூடாது என்ற விதி, களத்தில் மூன்று வரை சரி என்றாகிவிடுகிறது. நான்காவது அடி குற்றம். முதல் மூன்றும் கண்டுகொள்ளப்படாதவை. ஆத்திரத்தில் அடிக்கக் கூடாது என்ற விதியோ ஆளின் மனத்தைப் படிக்கச் சொல்கிறது. நடுவரால் எண்ண முடியும், மனத்தைப் படிக்க முடியாது. ஆகவே எண்ணுகிறார். குதிரை பயத்தில் நின்றதா, வலியில் நின்றதா, தவறான கோணத்தில் கொண்டுவரப்பட்டதால் நின்றதா என்பது எந்த அட்டையிலும் பதிவாவதில்லை.

புள்ளிக்கணக்கும் சவுக்கின் பக்கமே சாய்கிறது. குதிரை ஒரு முறை நின்றால் நான்கு அபராதப் புள்ளி. சர்வதேசப் போட்டியில் இரண்டாம் முறை நின்றால் ஆட்டம் முடிந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் மறுப்புக்கும் இரண்டாம் முயற்சிக்கும் இடைப்பட்ட சில நொடிகளில் குதிரையைத் தட்டிக்கொடுத்து, தடையை மோந்து பார்க்கவிட்டு, பயம் தெளியவைக்க அவகாசம் இல்லை. சவுக்கு கையிலேயே இருக்கிறது.

சவுக்கை ஆதரிப்பவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்ல. காலால் சொன்னதைக் குதிரை கவனிக்காதபோது விலாவின் பின்னால் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான் என்பார்கள். எடை குறைந்த சிறுமியின் கால் அழுத்தம் குதிரைக்கு எட்டாது என்பார்கள். அரைமனதாகத் தாவும் குதிரை தடையின் நடுவில் விழுந்தால் மேலே இருக்கும் குழந்தையின் கழுத்து முறியும், ஆகவே சவுக்கு பாதுகாப்புக் கருவி என்பார்கள். கடைசி வாதம் கனமானது. ஆனால் அது சவுக்கைவிட நல்ல பயிற்சிக்கே அதிகம் பொருந்துகிறது. அரைமனதாகத் தாவுகிற நிலையில் இருக்கும் குதிரையைக் குழந்தையோடு அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். நார்வே தன் பந்தயங்களில் 1982-லேயே சவுக்கைத் தடை செய்தது. பாதுகாப்புக்காக மட்டும் சிறு விலக்கு வைத்தது. அங்கே பந்தயங்கள் நின்றுவிடவில்லை.

விரிக்காத குடை

ஸ்வீடனில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு சிறியது, எளியது. சிலரைக் குதிரையில் ஏறியோ கடிவாளத்தைப் பிடித்து நடந்தோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை போகச் சொன்னார்கள். மனிதர், குதிரை இருவரின் இதயத் துடிப்பும் பதிவாகிக்கொண்டிருந்தது. நான்காவது முறைக்கு முன்னால், நீங்கள் கடந்து போகும்போது ஒரு குடை திடீரென்று விரியும் என்று மனிதரிடம் சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயம் வேகமாக அடித்தது. குடையைப் பற்றி ஒன்றுமே அறியாத குதிரையின் இதயமும் வேகமாக அடித்தது.

பயந்த குதிரை என்று பட்டம் வாங்கிய பல மட்டக்குதிரைகளின் கதை இந்த ஆய்வுக்குள் இருக்கிறது. மேலே இருக்கும் குழந்தை பயந்திருக்கிறது. தொடை இறுகுகிறது, மூச்சு நிற்கிறது, விரல்கள் கடிவாளத்தை நெரிக்கின்றன. தோலில் ஈ உட்கார்ந்தால் உணருகிற பிராணிக்கு இது போதாதா? மேலே இருக்கிறவர்களுக்கு ஏதோ ஆபத்து தெரிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. நிற்கிறது. வேலியோரத்தில் நிற்கும் பயிற்சியாளர் அடி என்கிறார். பெற்றோரும் சில சமயம் சேர்ந்துகொள்கிறார்கள். குதிரைக்கும் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் கட்டிய பணம் அவர்கள் கண்ணில் நிற்கிறது. குழந்தை அடிக்கிறது. தன் பயத்தை எப்படித் தாண்டுவது என்று கற்றுக்கொள்ள வந்த குழந்தை, அதைத் தனக்குக் கீழே இருக்கும் உயிரின் மேல் இறக்கிவைக்கக் கற்றுக்கொள்கிறது. குதிரைக்கு நேரும் கெடுதல் பாதி, குழந்தைக்கு நேர்வது மீதி.

டோக்கியோவில் அழுதுகொண்டே அடித்ததும் இந்தக் கதையின் பெரிய வடிவம்தான். 20 நிமிடப் பழக்கம், முன்னரே மிரண்டிருந்த குதிரை, கைநழுவும் தங்கம். சவுக்கின் முனையில் இருந்தது பலம் இல்லை. மேலே இருந்தவரின் பீதிதான் அங்கே இருந்தது.

கேமரா இல்லாத மைதானம்

குதிரை விளையாட்டின் மனசாட்சி கேமரா வந்த பிறகே விழித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 1990-ல் ஜெர்மனியின் மிகப் பிரபலமான தடை தாண்டும் வீரர் ஒருவரின் பயிற்சிக்கூடத்தில், குதிரை உயரமாகத் தாவ வேண்டுமென்று அதன் கால்களில் கம்பால் அடிக்கும் காட்சிகள் வெளியாகி நாடே அதிர்ந்தது. 2021-ல் டோக்கியோ. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க மூன்று நாள் இருந்தபோது, மூன்று தங்கம் உள்பட ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். அவருடையது தடை தாண்டுதல் அல்ல, குதிரையை நளினமாக நடத்திக்காட்டும் ட்ரெஸ்ஸாஜ். பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களில் நீண்ட சவுக்கால் அவர் திரும்பத் திரும்ப அடித்த பழைய வீடியோ வெளிவந்திருந்தது. தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த டிசம்பரில் ஓராண்டுத் தடையும் 10,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன.

மூன்று முறையும் அடிக்கு எதிரான விதி ஏற்கெனவே இருந்தது. இல்லாமலிருந்தது பார்க்கும் கண். சர்வதேசக் கூட்டமைப்பு 2022-ல் குதிரைகளின் நலனுக்காக ஒரு தனி ஆணையம் அமைத்தது. அது பல நாட்டுப் பொதுமக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், விளையாட்டில் குதிரைகளைப் பயன்படுத்துவது பற்றிக் கவலை தெரிவித்தவர்கள் 67 சதவீதம். மூன்றில் இரண்டு பேர். விளையாட்டை நடத்துபவர்களுக்கு இது சாதாரண எச்சரிக்கை இல்லை. மக்கள் முகம் சுளித்தால் ஒலிம்பிக்கில் இடம் போகும் என்பதைப் பென்டத்லான் காட்டிவிட்டது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குதிரை வீரர்கள் தங்கம் வென்றார்கள். டோக்கியோவில் ஃபவாத் மிர்சா ஈவென்டிங் பிரிவில் தடை தாண்டும் இறுதிச் சுற்றுவரை போய் 23-வது இடம் பெற்றார். 2023-ல் ஹாங்ஜோவில் இந்திய ட்ரெஸ்ஸாஜ் அணி தங்கத்தோடு திரும்பியது. ஒரு காலத்தில் ராணுவத்துக்கும் ராஜ குடும்பங்களுக்கும் உரிய வித்தையாக இருந்தது, இன்று பெருநகரங்களில் நடுத்தர வர்க்கத்துக் குழந்தைகளின் விடுமுறை வகுப்பு. அந்தக் குழந்தைகள் ஏறும் குதிரைகளில் பல, பந்தயத் திடலிலிருந்து ஓய்வுபெற்று வந்தவை. சவுக்கு என்றால் உயிரைக் கொடுத்து ஓடு என்று படித்துவந்த குதிரை மேல் ஒரு பத்து வயதுக் குழந்தை சவுக்கை வீசினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

சட்டம் இருக்கிறது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, பிராணியை அடிப்பதையும் உதைப்பதையும் மட்டுமல்ல, அளவு மீறிச் சவாரி செய்வதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கு அது வகுத்த அபராதம் ரூ.10-க்குக் குறையாமல் ரூ.50 வரை. ஒரு சவுக்கின் விலைகூட அதைவிட அதிகம்.

சவுக்கு இல்லாமல்

மாற்று வழி ஒன்றும் ரகசியமில்லை. குதிரை நின்றால் முதலில் கால்நடை மருத்துவரையும் சேணம் தைப்பவரையும் கேட்பது. வலி இல்லையென்று உறுதியான பிறகு, தடையைத் தரையில் கிடத்திய ஒரு கம்பாக இறக்கிவிடுவது. அதைத் தாண்டட்டும், மோந்து பார்க்கட்டும். பதறாத மூத்த குதிரை ஒன்றை முன்னால் விட்டால் மிரண்டது பின்னாலேயே போகும். மந்தைப் பிராணிக்கு மந்தையைவிடப் பெரிய தைரியம் கிடையாது. சரியாகச் செய்த கணமே கடிவாளத்தைத் தளர்த்துவது, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறிந்துவிடுவது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நீவிக்கொள்ளும் இடம் அது. அங்கே நீவினால் இதயத் துடிப்பு தணிகிறது என்று 1993-லேயே பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் ஒரு விரற்கடை உயரம் கூடினால் போதும். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. பொறுமை மட்டும் வேண்டும். அதுதான் போட்டி அட்டவணையில் இடம் கிடைக்காத பொருள்.

சிறிய குதிரையிடமிருந்து பெரிய தாவல் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: ஸ்ட்ரோலர். மட்டக்குதிரைக்குரிய உயரம்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பெரிய குதிரைகளுக்கு நடுவே, தன் தோளைவிட உயரமான தடைகளைத் தாண்டி, மேரியன் கோக்ஸ் என்ற இளம்பெண்ணுக்குத் தனிநபர் வெள்ளி வாங்கிக்கொடுத்தது. ஒலிம்பிக் தடை தாண்டுதலில் ஒரு பெண் வென்ற முதல் தனிநபர் பதக்கம் அது. அவர் சிறுமியாக இருந்தபோதே வீட்டுக்கு வந்து, பல ஆண்டுகள் அவரோடு வளர்ந்த குதிரை ஸ்ட்ரோலர். டோக்கியோவில் கிடைத்தது 20 நிமிடம்.

விதியில் செய்ய வேண்டிய திருத்தமும் கடினமானதல்ல. சிறுவர்களுக்கான மட்டக்குதிரைப் போட்டிகளில், தடை முன் நின்ற குதிரையை அடிப்பதற்கு அனுமதிக்கும் எண்ணிக்கை பூஜ்யம் என்று வைக்கலாம். முதல் மறுப்புக்குப் பின் குதிரையை அமைதிப்படுத்த ஒரு நிமிடம் கடிகாரத்தை நிறுத்தலாம். பயிற்சித் திடலிலும் ஒரு நடுவரை நிறுத்தலாம். பதக்கம் வென்றவருக்குத் தரும் கைதட்டலில் கொஞ்சம், மிரண்ட குதிரையை அடிக்காமல் களத்திலிருந்து நடத்திக் கூட்டிப்போகும் குழந்தைக்கும் தரலாம்.

குழந்தையைச் சவாரி வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இங்கே எத்தனை பேர் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள் என்பதல்ல அது. குதிரை நின்றுவிட்டால் இங்கே முதலில் என்ன செய்வீர்கள்? பதில் சொல்கிறவரின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும்.